வெளியே நின்ற வெள்ளைக் கார்

பலராமன் கொடுத்த தாள் வெள்ளிக்கிழமை மாலையிலிருந்து வேணுவின் மாத்திரை டப்பாவுக்கு அடியில் கிடந்தது. டைப் அடித்த ஆறே வரிகள். "சித்ரா பௌர்ணமியன்று மேற்பார்வையாளர் மணிமொழியின் கவனக்குறைவால் காருக்குச் சேதம் ஏற்பட்டது" என்பது மூன்றாவது வரி. கீழே கையெழுத்துக்கு ஒரு கோடு. ஞாயிறு காலை பத்து மணிக்குக் குடியிருப்போர் கூட்டம். அதற்குள் அந்தக் கோட்டின் மேல் மணிமொழியின் பெயர் இருக்க வேண்டும்.

"சும்மா ஒரு ஃபார்மாலிட்டிமா" என்றார் பலராமன். அவர்தான் சங்கத்தின் செயலாளர். போகும்போது வாசலில் நின்று அறையை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "போடலைனா கமிட்டில வேற மாதிரி பேசுவாங்க. இந்த ரூமு விஷயமும் வரும். அப்புறம் என்னக் குத்தம் சொல்லாதே."

அந்த அறை ஜெனரேட்டர் வைப்பதற்காகக் கட்டியது. ஜெனரேட்டர் வரவில்லை, மணிமொழி வந்தாள். பத்தடிக்குப் பன்னிரண்டடி. ஒரே ஜன்னல், அதுவும் கார்கள் நிற்கும் பக்கம் பார்த்தது. ஆனால் வாசலில் படி கிடையாது, கதவு அகலம். சக்கர நாற்காலி நேராக உள்ளே வரும், நேராக வெளியே போகும். ஆட்டோ வாசல் வரைக்கும் வரும். இந்த மூன்றுக்காகத்தான் மணிமொழி செங்கம் ரோட்டிலிருந்து பிரியும் அந்தச் சந்தில், பதினாறு வீடு உள்ள நாலு மாடிக் கட்டடத்தின் சாவிகளை மூன்று வருடமாகச் சுமந்துகொண்டிருந்தாள்.

அதற்கு முன்னால் இருந்தது மாடி வீடு. கணவன் வேணுவுக்குப் பக்கவாதம் வந்தபோது குறுகலான படிக்கட்டில் அவனைப் பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். பிறகு ஒவ்வொரு முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் நாலு பேரைத் தேட வேண்டும். இரண்டு மாதத்தில் தெருவில் இருந்தவர்கள் அவளைக் கண்டாலே செல்போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. வேணு கொத்தனார், எண்பது கிலோ.

இப்போது அறுபத்தொரு கிலோ. இடது கை, இடது கால் வராது. பேச்சு குழறினாலும் வரும், அதுவும் தேவைக்கு மேலேயே வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவனைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி அதை மணிமொழிக்குச் சொல்லிக்கொடுத்தாள். முதுகுக்குக் கீழே, இடுப்பெலும்பு முடியும் இடத்தில் தோல் சிவந்திருந்தால் கட்டைவிரலால் அமுக்கி எடு. வெளுத்துவிட்டுத் திரும்பச் சிவந்தால் பயமில்லை. வெளுக்காமல் அப்படியே சிவப்பாக இருந்தால் அங்கே புண் ஆரம்பிக்கிறது என்று அர்த்தம், பிறகு எலும்பு தெரியும் வரைக்கும் போகும். மணிமொழி பத்தாவது வரை படித்தவள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, ஒவ்வொரு முறை புரட்டும்போதும் மணியும் பக்கமும் எழுதி வைத்தாள். மூன்று வருடத்தில் இது பதினெட்டாவது நோட்டு. வேணுவுக்கு இதுவரை புண் வந்ததில்லை.

சித்ரா பௌர்ணமி செவ்வாய்க்கிழமை வந்தது.

பௌர்ணமிக் கிரிவலக் கூட்டத்தில் ஊர் என்ன ஆகும் என்பது ஊர்க்காரர்களுக்குத் தெரியும். சித்ரா பௌர்ணமி என்றால் அதைப்போலப் பத்து மடங்கு. மத்தியானத்திலிருந்தே செங்கம் ரோட்டில் தடுப்பு போட்டுவிடுவார்கள். வெளியூர் வேன்கள் நிறுத்த இடம் தேடிச் சந்து சந்தாக நுழையும். அதனால்தான் வீட்டுக்காரர்கள் முதல் நாளே கார்களை உள்ளே விட்டு, கேட்டைப் பூட்டச் சொல்வார்கள். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தோடு பார்க்கிங்குக்கென்று தனியாகக் கொடுப்பதும் அதற்குத்தான்.

இந்தத் தடவை பலராமன் புதிதாக ஒன்று செய்தார். அவருடைய மச்சான் நடத்தும் அன்னதானக் குழுவுக்குச் சமைக்க இடம் கிடைக்கவில்லை. கட்டடத்தில் கார்கள் நிற்கும் கீழ்த்தளத்தைக் கொடுத்துவிட்டார். திங்கட்கிழமை மாலையே அண்டாக்களும் கேஸ் அடுப்புகளும் வந்து இறங்கின. ஒன்பது கார்களையும் எடுத்துப் பின்னால் இருக்கும் காலி மனையில் விட வேண்டும் என்றார். அந்த மனைக்கு வேலியும் கிடையாது, கேமராவும் கிடையாது. கேமரா எல்லாம் கீழ்த்தளத்தில், அண்டாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"வேணாம் சார், வேனுங்க வந்து திரும்பற இடம் அது" என்றாள் மணிமொழி.

"ஒரு நாளைக்குத்தானம்மா. நீ ஒரு நாற்காலி போட்டு உக்காந்துக்க. நான் சொன்னா மூஞ்ச காட்டுவாங்க, நீ சொன்னா கேப்பாங்க. வாட்ஸ்அப் குரூப்ல ஒரு வார்த்த பேசிப் போடு."

அவள் பேசிப் போட்டாள். அதுதான் அவள் செய்த தப்பு. தெரியாதவர் குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டாலும், பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரர் பையைப் பார்த்துக்கொண்டாலும் இந்தப் பக்கத்தில் எல்லோர் வாயிலும் வரும் வார்த்தைதான் 'பொறுப்பு'. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்துக் கிராமத்தில் அவள் அம்மா ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வாள். மணிமொழியும் செல்போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னாள்: "எல்லாரும் பின்னாடி மனையில வுடுங்க. பயப்படாதீங்க, நான் இருக்கேன். வண்டிக்கு நான் பொறுப்பு."

பன்னிரண்டு நொடி. முப்பத்தியொரு பேர் கேட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையிலிருந்து மனையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். நுழைந்த ஆறு வேன்களைத் திருப்பி அனுப்பினாள். பத்து மணி, பன்னிரண்டு, இரண்டு என்று ஓடிவந்து வேணுவைப் புரட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் திரும்பினாள். நாலு மணிக்கும் அப்படித்தான் வந்தாள். வேணுவைச் சாய்த்துப் பார்த்தபோது இடுப்புக்குக் கீழே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குச் சிவப்பு. அமுக்கி எடுத்தாள். வெளுக்கவில்லை. திரும்ப அமுக்கினாள். வெளுக்கவில்லை.

ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலை இல்லை அது. விரிப்பில் வியர்வை ஈரம் இருந்தது, மாற்ற வேண்டும். துடைத்து, உலர விட்டு, தொடைகளுக்கு நடுவில் தலையணை கொடுத்து, முழுப் பாரமும் பக்கத்தில் விழும்படி படுக்க வைக்க வேண்டும். தனி ஆளாகச் செய்து முடித்தாள். நோட்டில் "4.05 உள்ளே, சிவப்பு, வெளுக்கல. வலது பக்கம். 4.45 முடிஞ்சுது" என்று எழுதினாள்.

மனைக்குத் திரும்பியபோது முருகவேலின் வெள்ளைக் கார் ஒரு பக்கம் நசுங்கி நின்றது. ஓட்டுநர் பக்கக் கண்ணாடி உடைந்து ஒயரில் தொங்கியது. கதவு உள்ளே போயிருந்தது, பின்சக்கரம் வரைக்கும் ஒரு நீளக் கோடு. தரையில் பெரிய டயர்த் தடம். வண்டி எதுவும் இல்லை. முருகவேல் மூன்றாவது மாடி, கீழ்பென்னாத்தூரில் ஆசிரியர் வேலை. கார் வாங்கி ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. அவன் இறங்கி வந்து காரைச் சுற்றிப் பார்த்தான், ஒன்றும் பேசாமல் மேலே போய்விட்டான். அவன் கத்தியிருந்தால் மணிமொழிக்குக் கொஞ்சம் மூச்சு வந்திருக்கும்.

அன்றிலிருந்து அவள் முருகவேல் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாள். காலை ஏழரைக்கு அவன் பஸ்ஸுக்கு இறங்கும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போய் ஏற்கெனவே நிரம்பிய தொட்டியைப் பார்த்தாள். மாலையில் அவன் செருப்புச் சத்தம் கேட்டதும் மோட்டார் அறைக்குள் நுழைந்துகொண்டாள். அவள் உட்கார்ந்திருக்கவில்லை, நாற்பது நிமிடம் நாற்காலி காலியாக இருந்தது என்பது யாருக்கும் தெரியாது. நோட்டுக்குத் தெரியும்.

சனிக்கிழமை மதியம் வேணுவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது மாத்திரை டப்பாவைப் பார்த்தபடி தாடையில் ஊற்றிவிட்டாள்.

"வாய் இங்க இருக்குது" என்றான் வேணு.

"தெரியுது."

"அந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டா கார் சரியாயிடுமா?"

"அது இன்சூரன்ஸுக்காம். நீ முழுங்கு."

"இன்சூரன்ஸுக்கு உன் கவனக்குறைவு எதுக்கு? ரூம்ல இருந்து அனுப்பிடுவாங்கன்னு பயப்படறியா? அனுப்ப மாட்டாங்க. என்ன தூக்கறதுக்கு நாலு ஆள் வோணும். பலராமனுக்கு இடுப்பு வலி."

மணிமொழிக்குச் சிரிப்பு வரவில்லை. ஆஸ்பத்திரியில் வேணுவைச் சேர்த்த அன்று அவள் ஏழு இடத்தில் கையெழுத்துப் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒருநாள் யாரோ கூப்பிட்டு "இது நீங்க போட்டதுதானே" என்று கேட்டார்கள். போட்டதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். இதைப் போட்டால் மேற்பார்வைக்கு ஆகாதவள் என்று அவளே எழுதிக் கொடுத்த மாதிரி. போடாவிட்டால் ரூமு விஷயம் வரும். போட்டாலும் வரும் என்பது சனிக்கிழமை சாயங்காலம்தான் அவளுக்கு உறைத்தது. கவனக்குறைவான ஆளை யார் வைத்துக்கொள்வார்கள்?

மறுநாள் காலை பேனாவை எடுத்தாள். கோட்டின் மேல் வைத்தாள். ஒரு புள்ளி விழுந்தது. மூடி வைத்துவிட்டாள். எட்டரைக்கு வேணுவைப் புரட்டி, செல்போனில் பத்தரைக்கு அலாரம் வைத்து, தாளையும் நோட்டையும் ஒன்றாகச் சேர்த்து எடுத்துக்கொண்டாள்.

கூட்டம் கீழ்த்தளத்திலேயே நடந்தது. அண்டா வைத்த இடத்தில் இன்னும் எண்ணெய்க் கறை போகவில்லை. இருபது பேர் வந்திருந்தார்கள். பலராமன் நடுவில், பக்கத்தில் பொருளாளர் அபிநயா. அவள் பேங்க்கில் வேலை பார்ப்பவள், முப்பத்தைந்து வயது. மணிமொழி தூணுக்குப் பக்கத்தில் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், அவள் உட்காரவில்லை.

பலராமன் செல்போனை எடுத்து அந்தப் பன்னிரண்டு நொடியை எல்லோருக்கும் போட்டுக் காட்டினார். "வண்டிக்கு நான் பொறுப்பு" என்று மணிமொழியின் குரல் தூணில் பட்டுத் திரும்பி வந்தது. அது அவளுக்கே வேறு யாரோ பேசுவதுபோல் இருந்தது.

"கேட்டீங்கல்ல? அந்தம்மாவே ஒத்துக்குனு எழுதிக் குடுக்குது. கமிட்டி பொறுத்துக்கலாம்னுதான் என் அபிப்பிராயம். மணிமொழி, பேப்பரக் குடுமா."

அவள் கொடுக்கவில்லை.

"ஒரு நிமிஷம் சார்" என்று முருகவேல் எழுந்தான். அவள் தரையைப் பார்த்தாள். "அக்கா மேல நான் எங்க கம்ப்ளெய்ன்ட் குடுத்தேன்? நான் உங்ககிட்ட கேட்டது ஒரு லெட்டர். பார்க்கிங் அன்னைக்கு மூடியிருந்துது, அதனால கார் வெளிய நின்னுதுன்னு. நாலு நாளா குடுக்க மாட்றீங்க. இது என்ன புதுசா வேற பேப்பர்?"

"இந்தப் பேப்பரே போதுமே முருகவேல். பாத்துக்கறேன்னு சொன்னவங்க பாத்துக்கல."

"அக்கா, எத்தன மணிக்கு ஆச்சு அது? இன்சூரன்ஸ்ல நேரம் கேக்கறாங்க."

தெரியாது சார் என்று சொல்லிவிடலாம். வாய் வரைக்கும் வந்தது. நோட்டு அவள் கையிலேயே இருந்தது.

"நாலு அஞ்சுலேர்ந்து நாலே முக்காலுக்குள்ள" என்றாள். "அந்த நேரம் நான் மனையில இல்ல. எங்க வூட்டுக்காரருக்குப் புண் வர மாதிரி இருந்துது. உள்ள இருந்தேன். போவும்போது கார் நல்லா இருந்துது, வந்து பாத்தா இப்படி. எழுதி வச்சிருக்கேன்." பக்கத்தைப் பிரித்து முருகவேலிடம் நீட்டினாள்.

பலராமன் நாற்காலியில் சாய்ந்தார். "பாருங்க. நாப்பது நிமிஷம் ஆளே இல்ல. இதுக்கு மேல என்ன இருக்குது?"

முருகவேல் நோட்டை இரண்டு பக்கம் முன்னால் திருப்பினான், இரண்டு பக்கம் பின்னால் திருப்பினான். பத்து, பன்னிரண்டு, இரண்டு, நாலு, ஆறு, எட்டு, ராத்திரியிலும் அதேபோல். அதை அபிநயாவிடம் கொடுத்துவிட்டு, "சந்து முனையில டீக்கட கேமரா இருக்குது, நேரம் தெரிஞ்சா தேடித் தரேன்னாங்க" என்று வெளியே போனான்.

அவன் போனதும் இரண்டாவது மாடிக்காரர் ஒருவர், எடத்துல இல்லாதவங்கள எதுக்கு வச்சிக்கணும் என்று பக்கத்து ஆளிடம் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் கீழ்த்தளத்தில் எல்லாம் கேட்கும். மணிமொழி தூணைப் பிடித்துக்கொண்டாள். மாடி வீட்டுப் படிக்கட்டு எத்தனை படி என்று அவளுக்கு இன்னும் நினைவிருந்தது. இருபத்திரண்டு.

முருகவேல் இருபது நிமிடத்தில் வந்தான். நாலு இருபதுக்கு ஒரு மஞ்சள் வேன் சந்துக்குள் போயிருந்தது, நாலு இருபத்தாறுக்கு அவசரமாக வெளியே வந்திருந்தது. முன்னால் கட்டியிருந்த சாமந்தி மாலை நம்பர் பலகையை முழுவதும் மறைத்திருந்தது. பின்னால் புழுதி. ஒரு எழுத்துகூடத் தெரியவில்லை.

"அப்ப இடிச்சவன் கெடைக்க மாட்டான்" என்றாள் அபிநயா. "சரி, அடுத்தது. கார் ஏன் அங்க நின்னுது? மெயின்டெனன்ஸோட பார்க்கிங்குக்குனு தனியா வாங்கறோம். வாங்கினு அந்த எடத்த வேற ஒருத்தருக்குக் குடுத்துருக்கோம். யாரு குடுத்தது சார்? மினிட்ஸ் நோட்டுல தீர்மானம் இல்ல, நான் பாத்துட்டேன்."

"அன்னதானம்மா அது. புண்ணியத்துக்குப் போய் தீர்மானமா போடுவாங்க?"

"புண்ணியம் உங்களுக்கு, நசுங்கின கதவு எனக்கா சார்?" என்றான் முருகவேல். "பேனர்ல உங்க போட்டோதான் ரெண்டடிக்கு இருந்துது. அக்கா போட்டோ இல்லயே."

இரண்டு பேர் சிரித்தார்கள். பலராமனும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

"வாட்ஸ்அப்ல யாரு பேசச் சொன்னதுக்கா?" என்று அபிநயா மணிமொழியைக் கேட்டாள்.

மணிமொழி பலராமனைப் பார்த்தாள். அவர் எண்ணெய்க் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "சார்தான் சொன்னாரு. வேணாம்னுதான் சொன்னேன். ஆனா பொறுப்புன்னு சொன்னது நான்தான். அதுல மாத்திப் பேசல."

"நீங்க சொன்னது ஒரு பேச்சு. எடத்த மூடினது சங்கம்" என்றாள் அபிநயா. நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். "ஒருத்தர் நாப்பது நிமிஷம் உள்ள போனா ஒம்போது காருக்கும் காவல் இல்லன்னா, அங்க ஒரே ஆள உக்கார வச்சது நம்ம தப்பு."

அதன்பிறகு பேச்சு முக்கால் மணி நேரம் இழுத்தது. முடிவில், பார்க்கிங்கை மூடியது சங்கம்தான் என்று செயலாளர் கையெழுத்தோடு கடிதம் கொடுப்பது, இன்சூரன்ஸ் போக மிச்சத்தைச் சங்கம் ஏற்பது, இனிமேல் கீழ்த்தளத்தை யாருக்கும் கொடுப்பதில்லை என்று எழுதினார்கள். இரண்டாவது மாடிக்காரர் கையெழுத்துப் போடாமல் எழுந்து போனார். பலராமன் போட்டார். போடும்போது பேனா எழுதவில்லை, மணிமொழியின் பேனாவை வாங்கித்தான் போட்டார்.

ரூமைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை. மணிமொழி காத்திருந்தாள். இடுப்பில் செருகியிருந்த செல்போன் எப்போதோ அடித்து ஓய்ந்திருந்தது. மணி பதினொன்றே கால். மூன்று வருடத்தில் இவ்வளவு தாமதம் ஆனதில்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளாமல் போக முடியாது. பேசாமல் விட்டது சரியென்று ஆகாது.

"ரூம காலி பண்ணணுமா சார்? இப்பவே சொல்லிடுங்க. படி இல்லாத வூடு கெடைக்கறது கஷ்டம், தேடணும்."

"யாரும்மா அப்படிச் சொன்னது?" என்றார் பலராமன்.

"நீங்கதான், வெள்ளிக்கிழம. வாசல்ல நின்னுனு."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் ஒண்ணும் அப்படிச் சொல்லல. இருமா. இரு."

"அதையும் எழுதிடலாம்" என்று அபிநயா இன்னொரு வரி எழுதினாள். மணிமொழி அதைப் பக்கத்தில் போய்ப் படித்தாள். 'தற்போதைக்கு' என்று ஒரு வார்த்தை இருந்தது. இருக்கட்டும். கையெழுத்துப் போடாத டைப் தாளைப் பலராமன் முன்னால் வைத்துவிட்டு நடந்தாள். கேட் பக்கம் திரும்பியதும் ஓடினாள்.

"மீட்டிங்கா, கல்யாணமா?" என்றான் வேணு. "சோறு போட்டாங்களா?"

"திரும்பு."

தலையணையை உருவி, தோளையும் இடுப்பையும் சேர்த்துப் பிடித்து அவனை இந்தப் பக்கம் சாய்த்தாள். ஜன்னல் வெளிச்சம் விழும்படி விரிப்பை விலக்கினாள். சிவப்பு இருந்தது. செவ்வாய்க்கிழமை இருந்ததைவிடக் கொஞ்சம் கம்மி, ஆனால் இருந்தது. வெள்ளிக்கிழமை வரை அது வெளுக்கவில்லை. நேற்று அவள் அமுக்கிப் பார்க்கவே இல்லை, பயம்.

கட்டைவிரலை வைத்து அமுக்கினாள். மனதுக்குள் மூன்று எண்ணினாள். எடுத்தாள்.

விரல் வைத்த இடம் வெளுத்திருந்தது. பிறகு மெதுவாகச் சிவந்தது.

நோட்டைப் பிரித்து, "11.20 இடது பக்கம். லேட்டு. வெளுக்குது" என்று எழுதினாள். வெளியே கீழ்த்தளத்தில் நாற்காலிகளை மடக்கும் சத்தம் கேட்டது. யாரோ ஒருவர் கேட் சாவி வேண்டும் என்று கூப்பிட்டார். அவள் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.